பினாங்கில் சருகுப்பை ஆய்வு: பல்லுயிர் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு காட்டில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணுவது ஒரு வேலை. அந்த எண்ணிக்கை குறையும்போது காடு செய்யும் வேலையும் குறைகிறதா என்று அளப்பது முற்றிலும் வேறு வேலை. சருகு மக்குவது, மண்ணுக்குச் சத்து திரும்புவது, பூ காயாவது, சாணம் மறைவது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். இந்த இரண்டாவது கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு பினாங்குக்கு வரும் முதுகலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதிர்ந்த இலைகளை வலைப்பையில் வைத்து மக்கும் வேகத்தை அளக்கும் சருகுப்பை முறைதான் இதன் மையம்.

நான் தொடங்கியபோது எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை முழுமையாகச் சொல்ல ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் மேசை மட்டும் தெரிந்திருந்தது. ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. இணைப்புக் கடிதம் மலாய் மொழியில் இருக்க வேண்டும் என்று அதுவரை எவரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரங்கள் உங்களுக்கு வீணாகக் கூடாது. நீங்கள் மலேசியத் தமிழராக இருந்தாலும், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவராக இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள், பிறகு காட்டைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஓர் அழகான இடத்தைப் பிடித்துக்கொண்டு, "இங்கே என்ன அளக்கலாம்?" என்று யோசிக்கிறார்கள். அனுமதிப் படிவங்கள் எல்லாமே எதை எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை முறை என்றுதான் கேட்கும். கேள்வி மாறினால் படிவமும் மாறும், வரிசையில் மறுபடியும் கடைசி இடத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த பொறி இன்னும் ஆழமானது. இயற்கைக் காட்டையும் பழத்தோட்டத்தையும் ஒப்பிட்டு, "காட்டில் மர வகை அதிகம், சருகும் வேகமாக மக்குகிறது, ஆகவே வகை அதிகமானால் மக்குதல் வேகமாகும்" என்று எழுதிவிடுவது. காட்டில் நிழல் அதிகம், ஈரம் அதிகம், மண் வேறு, சரிவு வேறு. எந்தக் காரணத்தால் வேகம் கூடியது என்று உங்களால் சொல்லவே முடியாது. ஆய்வேட்டுத் தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.

இதைத் தவிர்க்கத்தான் உலகின் பெரிய சோதனைகளில் வகைகளின் எண்ணிக்கையை ஆய்வாளரே தீர்மானித்து நடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடார் கிரீக்கில் 1994 முதல் 168 சிறு பாத்திகளில் 1, 2, 4, 8, 16 வகைப் புல்பூண்டுகளை வளர்த்து ஒப்பிட்டார்கள். நம் நாட்டிலேயே சபாவின் மாலுவா காப்புக்காட்டில், 2002 முதல், தலா 4 ஹெக்டர் கொண்ட 124 திட்டுகளில் டிப்டெரோகார்ப் என்ற மழைக்காட்டு மரக்குடும்பத்தின் கன்றுகளை ஒரே வகை, நான்கு வகை, பதினாறு வகை எனப் பிரித்து நட்டிருக்கிறார்கள். சில திட்டுகளை ஒப்பீட்டுக்காக நடாமலே விட்டிருக்கிறார்கள். மரம் வளர்ந்து விடை சொல்லப் பல பத்தாண்டுகள் ஆகும். உங்களுக்குக் கிடைப்பதோ ஒன்றரை ஆண்டு, அதிகம் போனால் இரண்டு.

ஆகவே என் பரிந்துரை சருகுப்பை. உதிர்ந்த இலைகளை எடைபோட்டு, வலைப்பையில் அடைத்து, தரையில் வைத்து, சில மாதங்களில் எவ்வளவு கரைந்தது என்று பார்க்கும் முறை. பைக்குள் எத்தனை வகை இலை போக வேண்டும் என்பது உங்கள் கையில். மண்ணும் நிழலும் எல்லாப் பைகளுக்கும் ஒன்று. ஒரே மாணவர், ஒரே ஆண்டில், உறுதியான பதிலோடு முடிக்கக்கூடிய சோதனை இது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கலவைப் பைகளில் இருக்கும் ஒவ்வொரு வகை இலைக்கும் தனிப்பை கட்டாயம் வேண்டும். நான்கு வகை கலந்த பை வேகமாக மக்கினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இலைகள் ஒன்றுக்கொன்று துணை செய்திருக்கலாம். அல்லது வகைகள் கூடக்கூட அவற்றில் வேகமாக மக்கும் ஓர் இலை தற்செயலாகச் சேர்ந்திருக்கலாம். தனிப்பை இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. லோரோ, ஹெக்டர் என்ற சூழலியலாளர்கள் இருவரும் 2001இல் வெளியிட்ட கணக்குமுறை இந்தப் பிரிவினைக்காகவே உருவானது. அது செடிகளின் விளைச்சலுக்காக எழுதப்பட்டது என்றாலும் அடிப்படை யோசனை இங்கும் அதே.

சாணி வண்டுகள் சாணத்தை அகற்றும் வேகம், டுரியான் பூக்களுக்கு வரும் வௌவால்கள் போன்றவையும் அருமையான தலைப்புகள். ஆனால் முதுகெலும்புள்ள பிராணியைப் பிடிக்கிறீர்கள் என்றால் வனவிலங்கு அனுமதியும் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். முதல் ஆய்வுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

2. இடம்: யாருடைய நிலம் என்று முதலில் கேளுங்கள்

பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ அங்கீகரித்தது. கடற்பகுதியும் சேர்த்து 12,481 ஹெக்டர். இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரே அலுவலகத்தில் ஒரே கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த எல்லைக்குள்ளேயே மாநில வனத்துறையின் காப்புக்காடு, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு மற்றும் தேசியப் பூங்காத் துறையின் கீழ் உள்ள தெலுக் பகாங் தேசியப் பூங்கா, தாவரவியல் பூங்கா, கொடிமலைக் கழகத்தின் பகுதி, நீர்ப்பிடிப்புப் பகுதி, தனியார் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. பத்து மீட்டர் நகர்ந்தால் அனுமதி தரும் அலுவலகம் மாறக்கூடும். நிலவரைபடத்தில் உங்கள் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பொறுப்பு யார் என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அனுமதி எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

பல்கலைக்கழக வளாகம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. புலத்தின் கடிதமும் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு நகலும் போதும். புல்வெட்டும் குத்தகையாளரிடம் நேரில் இடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேராது. புல்வெட்டும் இயந்திரம் உங்கள் பையின் மேல் ஏறிவிடும்.

பாலிக் பூலாவ் பழத்தோட்டம். உரிமையாளரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வேண்டும். வாய்வார்த்தை போதாது, நிலம் கைமாறினால் ஆய்வு நின்றுவிடும். டுரியான் பருவத்தில், அதாவது மே முதல் ஜூலை வாக்கில், மரத்தடியில் வலை கட்டுவார்கள், பழம் இரவும் பகலும் விழும். அந்த மாதங்களில் தோட்டத்துக்குள் ஆய்வாளர் நடமாடுவதை எந்தத் தோட்டக்காரரும் விரும்ப மாட்டார். உங்கள் தலைக்கும் அது நல்லதல்ல.

காப்புக்காடும் தேசியப் பூங்காவும். எல்லா அனுமதியும் வேண்டும். முக்கியமாக, வெளியிலிருந்து இலை கொண்டுபோய்க் காட்டுத்தரையில் வைக்கப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். இலையோடு நோய்க்கிருமி வரும் என்ற கவலை அதிகாரிகளுக்கு உண்டு, அது நியாயமான கவலை. அந்தக் காட்டிலேயே பொறுக்கிய சருகை மட்டும் பயன்படுத்துவதாக எழுதினால் வழி எளிதாகும்.

முதல் ஆய்வை வளாகத்தில் வையுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. காட்டில் செய்தால்தான் சூழலியல் என்று ஒரு மயக்கம் இருக்கிறது. நன்றாக வடிவமைத்த வளாகச் சோதனை, அரைகுறையாக முடிந்த காட்டுச் சோதனையைவிட எவ்வளவோ மேல்.

3. ஆவணங்கள்

எல்லோரும் தயாராக வைத்திருக்க வேண்டியவை: இரண்டு பக்கத்துக்கு மிகாத ஆய்வுச் சுருக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும், மேற்பார்வையாளரின் ஆதரவுக் கடிதம், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் நகல், களத்துக்கு வரும் உதவியாளர் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். புள்ளிகளோடு வரைபடம், எடுக்கப்போகும் பொருளின் பட்டியல், எடையோடு, இடர் மதிப்பீட்டுப் படிவம், காப்பீட்டுச் சான்று. இவை அனைத்தையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசையில் எது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

உதவியாளர் பட்டியலில் தாராளமாகப் பெயர் சேருங்கள். பட்டியலில் இல்லாத நண்பர் கடைசி நேரத்தில் துணைக்கு வந்தால் நுழைவாயிலில் அவரைத் திருப்பி அனுப்பலாம். தனியாகக் காட்டுக்குள் போவது சரியல்ல என்பதால் அன்றைய வேலையே கெட்டுவிடும்.

இனி சட்டங்கள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்படி, நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும், அங்கிருந்து எதை எடுக்கவும் வேண்டும். வனவிலங்கைத் தொட்டால் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சில வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன என்பதால் பூச்சி ஆய்வாளர்கள் பட்டியலைப் புரட்டிப் பார்க்காமல் வலை வீசக் கூடாது.

உயிரியல் வளங்களை அணுகுவதும் பலன் பகிர்வதும் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 795ஆம் எண் சட்டம், 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் மைஏபிஎஸ் இணையத்தளம் வழியாக. சருகை எடைபோடுவதோடு உங்கள் வேலை முடிகிறதா, அல்லது மரபணு, வேதிப்பொருள் பகுப்பாய்வு வரை போகிறதா என்பதைப் பொறுத்து இந்தச் சட்டம் உங்களைத் தொடும் அளவு மாறும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஆய்விதழ் ஆசிரியர் அனுமதி எண் கேட்கும்போது அந்த மின்னஞ்சல் பொன் பெறும்.

வெளிநாட்டு மாணவர்கள் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். மாணவர் விசா படிப்பதற்கான அனுமதி. களஆய்வுக்கு மத்திய அரசின் தனி ஒப்புதல் வேண்டுமா என்று பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவில், வந்த முதல் வாரமே கேளுங்கள். மாதிரியை ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதற்கு ஏற்றுமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேறு. பெட்டியில் போட்டு விமானம் ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முடிந்தவரை எல்லாப் பகுப்பாய்வையும் இங்கேயே முடிப்பதுதான் நல்லது.

தோட்டக்காரர்களிடம் நேர்காணல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் மனிதர் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அந்தக் குழுவை ஜேபெம் என்பார்கள். ஒப்புதல் வரும் முன் கேட்ட பதில்களைப் பிறகு பயன்படுத்த முடியாது.

4. எத்தனை பை, எவ்வளவு பணம்

நான்கு வகை இலை என்று வைத்துக்கொள்வோம்: ரப்பர், டுரியான், தூங்குமூஞ்சி, மெராந்தி. தனிப்பை 4, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6, நான்கும் சேர்ந்தது 1. ஆக 11 சேர்க்கைகள். ஐந்து திட்டுகளில், மூன்று முறை எடுக்க: 11 பெருக்கல் 5 பெருக்கல் 3, மொத்தம் 165 பைகள். அதோடு களத்துக்கு எடுத்துப்போய் அன்றே திருப்பிக் கொண்டுவர 11 பைகள் கூடுதல். வழியில் பை குலுங்கி உதிரும் தூளின் எடையைக் கழிக்க இவை தேவை. பலர் இந்தப் பதினொன்றை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பை 20 சென்டிமீட்டர் சதுரம். மடித்துத் தைக்க 20க்கு 40 துணி வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள நைலான் வலைத்துணியில் ஒரு மீட்டருக்கு 14 பை தேறும். 13 மீட்டர் வாங்கினால் 176 பைக்கும் போதும், கொஞ்சம் மிஞ்சும். மீட்டர் பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் துணியே இதற்குப் போதுமானது. ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் கேட்டால் பல மடங்கு சொல்வார்கள். வலையின் கண் 1 மில்லிமீட்டரா, 2 மில்லிமீட்டரா என்று கடையில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். சிறிய கண் பெரிய பிராணிகளைத் தடுக்கும், பெரிய கண் வழியே இலைத்துண்டு உதிரும். எதைத் தேர்ந்தாலும் ஆய்வேட்டில் காரணத்தோடு எழுதுங்கள். கரையான் நுழைய முடியாத பையில் கிடைத்த வேகத்தைக் காட்டின் முழு வேகம் என்று சொல்லக் கூடாது.

தைப்பதற்கு ஜோர்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் உள்ள தையல் கடைகளில் கேளுங்கள். மூன்று பக்கம் தைத்துக் கொடுப்பார்கள், நான்காவது பக்கத்தை இலை போட்ட பிறகு நீங்களே கையால் தைக்கலாம். நைலான் நூலால் மட்டும் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூலைப் பூஞ்சை தின்றுவிடும், இரண்டாவது மாதத்தில் பை வாய் பிளந்து கிடக்கும். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடிக்கும்.

இலையின் அளவு: பைக்கு 10 கிராம் என்றால் 176 பைக்கும் சேர்த்து ஒவ்வொரு வகைக்கும் 440 கிராம் உலர்ந்த இலை. ஈரச் சோதனைக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 600 கிராம் பொறுக்குங்கள்.

பணம் உண்மையில் எங்கே கரைகிறது என்றால் பகுப்பாய்வில். இலையின் நைட்ரஜன் அளவுக்கும், மெதுவாக மக்கும் கெட்டிப்பொருளான லிக்னின் அளவுக்கும் மாதிரிக்கு இவ்வளவு என்று ஆய்வகங்கள் வாங்கும். முன்கூட்டி விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். 165 மாதிரிக்கும் செய்ய வேண்டியதில்லை. தொடக்க நிலையில் நான்கு வகைக்கும் மும்மூன்று, ஆக 12 மாதிரி போதும். அடுத்த பெரிய செலவு போக்குவரத்து. தெலுக் பகாங்குக்கு 101ஆம் எண் பஸ், தாவரவியல் பூங்காவுக்கு 10, கொடிமலை அடிவாரத்துக்கு 204 எல்லாம் போகின்றன. ஆனால் ஈரப்பைகள் நிறைந்த ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் திரும்புவது சிரமம். பைகளை எடுக்கும் மூன்று நாளுக்கு மட்டும் காருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

காலுக்குக் கம்போங் அடிடாஸ். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் காலணிதான். இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், வழுக்காது, ஒரு மணி நேரத்தில் காயும். நூற்றுக்கணக்கில் கொடுத்து மலையேறும் பூட்ஸ் வாங்கத் தேவையில்லை. அட்டைக்கடிக்குத் தனிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. மாதக் கணக்கு

ரப்பர் மரம் இலை உதிர்ப்பது ஜனவரி, பிப்ரவரி வாக்கில். உங்கள் ஆண்டை அதைச் சுற்றிக் கட்டுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அனுமதி வேலை. மூன்று மாதம் என்பது அதிகம் போலத் தெரியும். ஆனால் ஆண்டு இறுதியில் விடுப்பு, அதன் பிறகு சீனப் புத்தாண்டு, நோன்பு மாதத்தில் குறைந்த அலுவலக நேரம் எல்லாம் சேரும். ஜனவரியில் விண்ணப்பம் கொடுத்தவருக்கு ஏப்ரலில்தான் பதில் வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் இலை சேகரிப்பு. இந்த இரண்டு மாதமும் பினாங்கில் மழை குறைவு என்பது வசதி. தைப்பூச நாட்களில் தண்ணீர்மலைச் சாலையும் தாவரவியல் பூங்காப் பக்கமும் வண்டி நுழைய முடியாத கூட்டம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாரத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மார்ச்சில் உலர்த்துதல், எடை, தையல். ஏப்ரல் முதல் வாரம் பை வைப்பு. அப்போது மாலை மழை தொடங்கியிருக்கும், மக்குவதற்கு ஏற்ற ஈரம். மே, ஜூன், ஜூலை தொடக்கத்தில், அதாவது 30, 60, 90ஆம் நாட்களில் எடுப்பு. ஆகஸ்டில் கணக்கு. பினாங்கில் மழை உச்சத்துக்குப் போவது செப்டம்பர், அக்டோபரில். அதற்குள் களவேலை முடிந்திருக்க வேண்டும். 2017 நவம்பர் பெருமழையில் மலைச்சரிவுகள் சரிந்ததை இந்தத் தீவு மறக்கவில்லை. கனமழைக்குப் பிறகு மலைப்பாதைகளை மூடுவார்கள், எடுக்க வேண்டிய நாளில் எடுக்க முடியாமல் போகும்.

6. இலையும் பையும்

மரத்திலிருந்து பறித்த பச்சை இலை வேண்டாம். மரம் தன் சத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகே இலையை உதிர்க்கிறது. பச்சை இலை அதைவிட வேகமாக மக்கும். தரையில் நெடுநாள் கிடந்ததும் வேண்டாம், அதில் பூஞ்சை வேலையைத் தொடங்கியிருக்கும். மரத்தடியில் வலை கட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விழுந்ததை எடுங்கள். காம்பை நீக்கிவிடுங்கள்.

வகையை உறுதிப்படுத்த, பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பல்கலைக்கழக உலர்தாவரச் சேகரிப்பில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். மெராந்தி என்ற மரவணிகப் பெயரில் பல வகைகள் அடங்கும். பெயரை மட்டும் எழுதினால் எவரும் ஏற்க மாட்டார்கள். கொடிமலை முகடுகளில் நிற்பது பெரும்பாலும் ஷோரியா கர்டிசீ.

இலையை அறையிலேயே காற்றில் உலர்த்துங்கள். சோதனைக்குப் போகும் இலையை அடுப்பில் வைக்காதீர்கள், சூட்டில் அதன் வேதியியல் மாறும். ஒவ்வொரு வகையிலும் சில மாதிரிகளை மட்டும் 60 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைத்து, காற்றில் உலர்ந்த எடைக்கும் முழுதாக உலர்ந்த எடைக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, மற்றவற்றுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். ஐம்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் சிறிய மின்தராசே இதைச் செய்யும், ஆய்வகத் தராசோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டால் சரி.

அடையாளச் சீட்டைப் பற்றி எவரும் சொல்லித் தருவதில்லை. மார்க்கர் மை பினாங்கு மழையில் ஆறு வாரம் தாங்காது. குளிர்பான டின்னை வெட்டி, விரல் நீளத் துண்டுகளாக்கி, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எண்ணை எழுதுங்கள். மை போனாலும் தகட்டில் பள்ளம் நிற்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் படிக்கலாம். ஒரு தகடு பைக்குள், இன்னொன்று வெளியே. டின்னின் விளிம்பு கத்திபோல் வெட்டும், கையுறை போடுங்கள்.

7. தரையில் வைப்பது

ஐந்து திட்டும் தள்ளித் தள்ளி இருக்கட்டும், ஒன்றுக்கொன்று ஐம்பது மீட்டராவது. ஒரே மரத்தடியில் 165 பையையும் பரப்பிவிட்டு 165 மாதிரி என்று சொல்ல முடியாது. ஒரே இடத்து மாதிரிகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணும் இந்தப் போலி மறுசெய்கையைப் பற்றிச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இலேயே எச்சரித்தார். திட்டு ஒவ்வொன்றிலும் 11 சேர்க்கையும் இருக்க வேண்டும், இடத்தைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும்.

மேலே கிடக்கும் பழைய சருகை ஒதுக்கி, பை மண்ணைத் தொடும்படி வைத்து, மூலையில் ஆணி அடித்து, ராஃபியா கயிற்றால் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள். கயிறு இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் புதுச் சருகுக்கு அடியில் பையைத் தேடி அலைய நேரும். குரங்குகள் பளபளப்பானதை இழுக்கும். வெளித்தகட்டைப் பையின் அடியில் கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். ஈர மண்ணில் கை வைக்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம், இதை டெங்கி என்று மட்டும் எண்ணி நாளைக் கடத்தக் கூடாது.

8. திரும்ப எடுத்தல்

ஒவ்வொரு முறையும் 55 பைகள். ஒன்றைச் சுத்தம் செய்ய இருபது நிமிடம் என்றாலே பதினெட்டு மணி நேரத்துக்கு மேல், கலவைப் பைகளுக்கு இன்னும் கூடும். ஆகவே மூன்று முழு நாள் ஒதுக்குங்கள். உலர்த்தும் அடுப்பை ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். காத்திருக்கும் பைகள் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். வெளியே வைத்தால் மேசையிலேயே மக்கிக்கொண்டிருக்கும்.

பையைத் தரையிலிருந்து பிடுங்காதீர்கள். வெளியிலிருந்து மெல்லிய வேர்கள் வலைக்கண் வழியே உள்ளே புகுந்திருக்கும். கத்திரியால் ஒட்ட வெட்டி, அகலமான தட்டில் வைத்துத் திறங்கள். உள்ளே வெள்ளைப் பூஞ்சை இழைகள் இலையோடு இலையைத் தைத்ததுபோல் பிணைத்திருக்கும். ரப்பர் இலையில் நரம்பு மட்டும் சல்லடையாக நிற்கும்போது அதனடியில் மெராந்தி இன்னும் தோல்போல் கெட்டியாக இருக்கும். இந்த ஈரநிலையிலேயே வகைவகையாகப் பிரித்துவிடுங்கள், காய்ந்தால் நொறுங்கும். தண்ணீர்க்குழாயில் கழுவக் கூடாது, கரைந்த சத்தும் தூளும் போய்விடும். மென்மையான பல்துலக்கி போதும்.

எடை சில சமயம் முந்தைய மாதத்தைவிடக் கூடியிருக்கும். பயப்படாதீர்கள், அது மண். உலர்ந்த மாதிரியில் கொஞ்சம் எடுத்து 550 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடைபோட்டால் மண்ணின் பங்கைக் கழித்துவிடலாம்.

9. கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. தூங்குமூஞ்சி தனிப்பையில் 60 சதவீதம் கரைந்தது, மெராந்தி 30 சதவீதம். இரண்டும் தலா 5 கிராம் கலந்த பையில், ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்றால், 2 கிராமும் 3.5 கிராமும் ஆக 5.5 கிராம் மிஞ்ச வேண்டும். நீங்கள் எடைபோட்டால் 4.8 கிராம். எதிர்பார்த்த கரைவு 45 சதவீதம், நடந்தது 52. இந்த 7 சதவீதப் புள்ளிதான் கலவையின் விளைவு.

அது எங்கிருந்து வந்தது? பிரித்து எடைபோட்டதால் உங்களுக்குத் தெரியும். தூங்குமூஞ்சி அதே 2 கிராமில் நிற்க, மெராந்தி 2.8 ஆகக் குறைந்திருந்தால், மெதுவான இலைதான் வேகம் பெற்றிருக்கிறது. தூங்குமூஞ்சி நைட்ரஜன் நிலைநிறுத்தும் மரம். அதன் இலையிலிருந்து சத்து அண்டையில் உள்ள இலைக்குப் பூஞ்சை வழியே போயிருக்கலாம் என்ற விளக்கத்தைத் தொடக்க நைட்ரஜன் அளவோடு சேர்த்துச் சோதிக்கலாம். மொத்தமாக எடைபோட்டவருக்கு இந்த வாய்ப்பே இல்லை.

விளைவு எதிர்மறையாகவும் வரலாம், இல்லாமலும் போகலாம். அப்படியே எழுதுங்கள். கலந்தால் நல்லதே நடக்கும் என்று நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மக்கும் வேகத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் சிதைவு மாறிலியைத் தேர்வாளர்கள் கேட்பார்கள். தொடக்க எடையை மிஞ்சிய எடையால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, ஆண்டுக்கணக்கில் காலத்தால் வகுப்பது. 10 கிராம் 90 நாளில் 5 ஆனால் ஆண்டுக்குச் சுமார் 2.8. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். திட்டைத் தற்செயல் காரணியாக வைத்துக் கலப்பு மாதிரி (mixed model) என்ற புள்ளியியல் கணக்கைப் போடுங்கள். இந்தக் கட்டளைகளைப் பை வைக்கும் முன்பே, கற்பனை எண்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். வடிவமைப்பில் ஓட்டை இருந்தால் அப்போதே தெரியும்.

10. முடிக்கும்போது

ஆணி, கயிறு, தகடு அனைத்தையும் எண்ணி எடுத்துவிடுங்கள், நைலான் காட்டில் மக்காது. அனுமதி தந்த ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அனுமதிக் கடிதத்தில் குறித்த தேதிக்குள் மலாயில் சுருக்க அறிக்கை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தோட்டக்காரருக்கும் ஒரு நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் கேள்வியே முந்தைய அறிக்கை எங்கே என்பதுதான். தரவுக் கோப்பு, புகைப்படம், அனுமதிக் கடிதங்கள் மூன்றையும் மேற்பார்வையாளரிடம் ஒரு பிரதி ஒப்படைத்துவிட்டு, உலர்ந்த மாதிரிகளை ஆய்வேடு ஏற்கப்படும் வரை எண்ணிட்ட உறையில் வைத்திருங்கள். தேர்வாளர் மறு எடை கேட்டால் அவை வேண்டியிருக்கும்.